21 நாள் வாக்கு

வீடு விற்கிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் சீக்கிரமே ஒரு வாசகம் வந்துவிடும். "வாங்குறேன்னு சொன்னான், கடைசியில ஆளையே காணோம்." தேக்கா காப்பிக்கடையில் கேட்டிருக்கிறேன், கோயில் அன்னதான வரிசையில் கேட்டிருக்கிறேன். கேட்கிறவரும் உடனே "சே, என்ன மனுஷங்க" என்பார். தீர்ப்பு முடிந்தது!

எனக்கு அந்தத் தீர்ப்பில் அவ்வளவு வேகம் வரவில்லை. வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு வாங்காமல் போகிறவர் பொய் சொன்னவரா? அல்லது காசு கொடுத்துப் பெற்ற ஓர் உரிமையைப் பயன்படுத்திக்கொண்டவர் மட்டும்தானா? சிங்கப்பூரில் இந்தக் கேள்வி கொஞ்சம் சிக்கலானது. மனம் மாறுவதற்கு இங்கே சட்டமே ஒரு விலை போட்டு வைத்திருக்கிறது.

இன்னும் வீடு வாங்கும் வயது வராதவர்களுக்காகச் சொல்கிறேன். வீவக மறுவிற்பனை வீட்டை விற்பவர், விற்கப்போகிறேன் என்று முதலில் கழகத்திடம் பதிய வேண்டும். அதற்குப்பின் 7 நாள் போனால்தான் யாருக்கும் 'ஆப்ஷன்' கொடுக்கலாம். ஆப்ஷன் என்பது ஒரு படிவம். 1 வெள்ளியிலிருந்து 1,000 வெள்ளிக்குள் ஒரு தொகை பேசி, அதைக் கொடுத்து வாங்குபவர் அதைப் பெறுகிறார். அன்றிலிருந்து 21 நாள், கடைசி நாள் மாலை 4 மணி வரை, அந்த வீடு அவருக்காகக் காத்திருக்கும். வேறு யார் கூடுதல் விலை சொன்னாலும் விற்பவர் கொடுக்க முடியாது. வாங்குபவர் கையெழுத்துப் போட்டு மீதி முன்பணத்தையும் கொடுத்தால் (எல்லாம் சேர்த்து 5,000 வெள்ளியைத் தாண்டக்கூடாது) விற்பனை உறுதி. போடாவிட்டால் அவர் கொடுத்த தொகை மட்டும் போகும். அவ்வளவுதான்.

அதாவது, விற்பவரை மட்டும் கட்டிப்போடும் வாக்கு இது. இங்கிலாந்தில் ஒப்பந்தங்களைக் கைமாற்றிக்கொள்ளும் நாள் வரை இரண்டு பக்கமுமே விலகலாம், விற்பவர்கூட. தமிழ்நாட்டில் 'டோக்கன் அட்வான்ஸ்' கொடுத்துவிட்டு, வாங்காவிட்டால் அது திரும்ப வருமா வராதா என்று சண்டை போடுவார்கள். அவற்றோடு ஒப்பிட்டால் நம் ஊர் ஏற்பாடு தெளிவானது. யாருக்கு என்ன உரிமை என்று எழுதியே இருக்கிறது. ஆனால் உரிமை தெளிவானதும் தர்மமும் தெளிவாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோமே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். ஓய்வு பெற்றபின் ஈசூனில் இருந்த நாலறை வீட்டை விற்றுவிட்டு அவரும் அம்மாவும் ஈரறை ஃபிளெக்ஸி வீட்டுக்குப் போக முடிவு செய்தார்கள். புது வீட்டுச் சாவி வாங்கிய 6 மாதத்துக்குள் பழைய வீட்டை விற்றாக வேண்டும், விதி அது. எங்கள் புளோக்கில் சீனர் விகிதம் நிரம்பியிருந்தது. 1989 மார்ச் 1 முதல் இருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒரு புளோக்கில் சீனர் வீடுகள் 87 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அந்த வரம்பு எட்டிவிட்டால், இந்தியரான நாங்கள் சீனர் யாருக்கும் விற்க முடியாது. நாட்டில் நான்கு பேரில் மூன்று பேர் சீனர்கள். மிச்சமிருப்பவர்களில் ஈசூனில், அந்த விலைக்கு, அந்த மாடியில், அந்த மாதத்தில் வீடு தேடுபவர் எத்தனை பேர் இருப்பார்கள்? இரண்டு மாதத்தில் மொத்தம் ஐந்து குடும்பம் வந்து பார்த்தது.

ஐந்தாவதாக வந்தவர்கள் நம்மவர்கள். கணவன், மனைவி, ஒரு குழந்தை. இரண்டாம் முறை வரும்போது மாமியாரையும் கூட்டி வந்தார்கள். அந்த அம்மா, "சாமி எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டு, அந்த அலமாரியை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியுமா என்றார். அம்மா உருகிப்போய்விட்டார். விலை 560,000 வெள்ளி. ஆப்ஷன் கட்டணம் 1,000. "அங்கிள், இது எங்க வீடு, நீங்க கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் அந்தத் தம்பி.

பதினோராம் நாள் எங்கள் ஏஜெண்ட் வழியாக ஒரு மலாய்க் குடும்பம் கேட்டது. ஆப்ஷன் கொடுத்தாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினோம். அவர்கள் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்கள். 21-ஆம் நாள் மாலை நான்கு மணி வந்தது, போனது. அந்தத் தம்பி போனை எடுக்கவில்லை. நான்கு நாள் கழித்து ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது: மதிப்பீடு 535,000 தான் வந்ததாம், மீதி 25,000 வெள்ளியை ரொக்கமாகப் புரட்ட முடியவில்லையாம். மதிப்பீடு என்றைக்கு வந்தது என்று கேட்டேன். ஒன்பதாம் நாள்.

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். 2014 மார்ச்சிலிருந்து மறுவிற்பனை வீட்டின் மதிப்பீடு, விலை பேசி ஆப்ஷன் கொடுத்தபின்தான் வாங்குபவர் கைக்கு வருகிறது. மதிப்பீட்டுக்கு மேல் இருக்கும் தொகைக்குக் கடனும் கிடைக்காது, மசேநி பணமும் எடுக்க முடியாது, கையில் ரொக்கம் வேண்டும். யாருக்கும் சறுக்கலாம். அந்த 25,000 இல்லாதது குற்றம் இல்லை. ஒன்பதாம் நாளுக்கும் 21-ஆம் நாளுக்கும் நடுவில் இருக்கும் பன்னிரண்டு நாள்தான் என் கணக்கில் உதைக்கிறது.

வீட்டு ஏஜெண்டாக வேலை பார்க்கும் என் நண்பனிடம் இதைச் சொன்னேன். சிரித்தான். "அண்ணே, அவன் 21 நாளைக் காசு கொடுத்து வாங்கியிருக்கான். பேசுவான், பேசாம இருப்பான், அது அவன் இஷ்டம். 1,000 வெள்ளி வாங்குனீங்கல்ல?" எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை இது. ஒரு மாதத்துக்கு அறை வாடகை கட்டியவன் பத்து நாள் ஊரில் இல்லாவிட்டால், அந்தப் பத்து நாளை வேறொருவனுக்குக் கொடு என்று நாம் கேட்பதில்லையே.

யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றிய பதில் இது. அறை வாடகை என்பது அறைக்கு. ஆப்ஷன் கட்டணம் எதற்கு? யோசித்து முடிவெடுக்க. கடன் கிடைக்குமா, மதிப்பீடு என்ன வரும், குடும்பம் ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க வேண்டிய அவகாசத்துக்கு. முடிவு எடுத்தாகிவிட்டது, வாங்கப்போவதில்லை என்று மனதுக்குள் தெரிந்துவிட்டது என்றால், மிச்ச நாட்கள் அவருக்கு எதற்கும் பயன்படவில்லை. ஆனால் எங்களுக்கு அந்த நாட்கள் ஒவ்வொன்றும் செலவு. தனக்கு ஒரு லாபமும் இல்லாத ஒன்றை, அடுத்தவருக்கு நஷ்டம் என்று தெரிந்தும் விடாமல் வைத்திருப்பதற்குப் படிவத்தில் இடம் இருக்கலாம். அதைத் தர்மம் என்று சொல்ல என்னால் முடியாது.

நண்பன் விடவில்லை. "ஒருவேளை கடைசி நாள் வரைக்கும் பணம் புரட்ட ஓடியிருப்பானோ?" ஓடியிருந்தால் வேறு கதைதான். அப்படியென்றாலும் "ஓடிட்டு இருக்கேன் அங்கிள், கஷ்டமா இருக்கு" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அப்பா காத்திருந்திருப்பார். ஆனால் எதற்குக் காத்திருக்கிறோம் என்று தெரிந்து காத்திருந்திருப்பார்.

அப்பா கடையில் கடன் நோட்டு பார்த்தவர். சம்பள நாளில் பணம் கட்ட முடியாதவர்களில் இரண்டு வகை என்பார். ஒருவர் நேரே வந்து, "இந்த மாசம் முடியலண்ணே" என்பார். இன்னொருவர் கடை வாசலைத் தவிர்த்து கேம்பல் லேன் வழியாகச் சுற்றிப்போவார். கட்டாத தொகை இரண்டு பேருக்கும் ஒன்றாகவே இருக்கலாம். முதல் ஆளுக்கு அடுத்த மாதமும் அரிசி கிடைக்கும். அந்தத் தம்பி சுற்றிப்போனவர் வகை. கூச்சம்தான் காரணம் என்று நினைக்கிறேன். முடியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, சொல்லாமல் இருந்துவிடுவது நம்மவர்களிடம் நிறையவே உண்டு. மரியாதைக்காகச் செய்வதாக நினைத்துக்கொள்கிறோம்.

வியாபாரம் செய்கிறவர் பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேண வேண்டும் என்ற குறளைப் பொருட்பாலில் தேடினால் கிடைக்காது. அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் அது. அடுத்தவருடைய நாட்களும் அவர் பொருள்தானே?

நம் புராணத்திலேயே ஒரு நிலப் பேரம் இருக்கிறது. மகாபலியிடம் வாமனன் வந்து மூன்றடி மண் கேட்டார். (கேட்ட அளவு ஒன்று, எடுத்த அளவு வேறு. இன்றைக்கு என்றால் நில அளவையாளரைக் கூப்பிட்டிருப்பார்கள்.) வந்திருப்பது யார் என்று கண்டுகொண்ட சுக்கிராச்சாரியார், கொடுக்காதே என்று தடுத்தார். பிழைப்பே போகும் நிலையில் சொன்ன சொல்லிலிருந்து விலகினால் குற்றமில்லை என்பது அவர் வாதம், பாகவதத்தில் அது விரிவாகவே வருகிறது. படிக்கும்போது நல்ல வக்கீல் பேசுவதுபோல இருக்கும். பலி கேட்கவில்லை. கொடுத்தார், எல்லாம் போயிற்று. அந்தக் கதையைச் சொல்லி, வாங்குகிறேன் என்று சொன்னவர் கடன்பட்டாவது வாங்கியிருக்க வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். பலி கொடுத்தது தன்னுடையதை. கைக்குழந்தை வைத்திருக்கும் ஒருவர் வட்டிக்காரனிடம் போய் 25,000 வாங்கி வாக்கைக் காப்பாற்றினால், அந்தக் குழந்தையின் சோறும் அதில் போகும். சுக்கிரர் சொன்னதிலும் ஏதோ இருக்கிறது. ஆனால் சுக்கிரர்கூட பலியிடம், முடியாது என்று வந்தவர் முகத்தைப் பார்த்துச் சொல் என்றுதான் சொன்னார். ஓடி ஒளிந்துகொள் என்று சொல்லவில்லை.

இனி விற்பவர் பக்கம். அந்தச் செய்தி வந்தபோது எங்களிடம் 13 வாரம்கூட முழுசாக இல்லை. விண்ணப்பத்தை வீவக ஏற்றதிலிருந்து விற்பனை முடிய 8 வாரம், புது ஆப்ஷனுக்கு 3 வாரம். ஆளைத் தேட மிஞ்சியது 2 வாரத்துக்கும் குறைவு. அந்த நிலையில் மனுஷனுக்கு என்னென்னவோ தோன்றும். இரண்டு பேரிடம் ஒரே நேரத்தில் "உங்களுக்குத்தான்" என்று சொல்லி வைத்துக்கொள்ளலாமா? இல்லாத ஒரு போட்டியாளரைச் சொல்லி அவசரப்படுத்தலாமா? அம்மாவுக்குக் கோபம் வேறு மாதிரி திரும்பியது: "இனிமே நம்ம ஆளுங்களே வேணாம்." இன்னொருவர், "மலாய்க்காரங்க இழுத்தடிப்பாங்க" என்று புத்தி சொன்னார். ஒருவர் செய்ததை ஓர் இனத்தின் தலையில் கட்ட நமக்கு எவ்வளவு நேரம் ஆகிறது பாருங்கள்! வாடகைக்கு வீடு தேடும்போது 'இந்தியர் வேண்டாம்' என்ற விளம்பரத்தைப் பார்த்துக் கொதித்தவர்கள்தான் நாமும்.

முகத்தைப் பார்ப்பதற்குப் பதில் காகிதத்தைப் பார்க்கலாம். 2023 மே முதல் ஆப்ஷன் வாங்குபவரிடம் வீவக தரும் எச்எஃப்இ கடிதம் இருந்தாக வேண்டும். அவருக்கு வீடு வாங்கத் தகுதி உண்டா, வீவக கடன் எவ்வளவு கிடைக்கும் என்றெல்லாம் அதில் இருக்கும். அதைக் காட்டச் சொல்லலாம். மதிப்பீடு குறைந்தால் கையில் எவ்வளவு ரொக்கம் இருக்கிறது என்று நேரடியாகக் கேட்கலாம். "கேட்டா தப்பா நினைப்பாங்க" என்பார் அப்பா. நினைக்கட்டும். எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால் அதில் அவமானம் ஒன்றும் இல்லை. இனவரம்பால் வீடு விற்க முடியாமல் உண்மையிலேயே தவிப்பவர்களின் வீட்டைத் தானே வாங்கிக்கொள்ளத் தயார் என்று 2022-இல் வீவக அறிவித்தது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 1,000 வெள்ளி பற்றியும் சொல்ல வேண்டும். செய்தியின் கடைசி வரியில் அந்தத் தம்பி, "முடிஞ்சா ஆப்ஷன் காசைத் திருப்பித் தருவீங்களா அங்கிள்" என்று கேட்டிருந்தார். அம்மா ஒரே வார்த்தையில் முடித்தார். அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை, உழைக்காத காசு என்றார். நான் அம்மா கட்சி. 21 நாள் கதவை மூடி வைத்ததற்கான தொகை அது, பாவக் காசு இல்லை. குழந்தைக்காக இரங்கி ஏதாவது கொடுக்க நினைத்தால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் 'திருப்பித் தருகிறோம்' என்று சொல்லாதீர்கள் என்றேன். அப்பா 300 வெள்ளி அனுப்பினார். அம்மாவிடம் 200 என்று சொல்லியிருக்கிறார். இதை அம்மா படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

இதைப் படிக்கும் நீங்கள் பெரும்பாலும் இன்னும் சில வருஷத்தில் வாங்குகிற பக்கத்தில் நிற்பீர்கள். பிடிஓ கிடைக்காமல் மறுவிற்பனைக்கு வருவீர்கள், ஆப்ஷன் வாங்குவீர்கள், மதிப்பீடு உங்களுக்கும் காலை வாரலாம். அன்றைக்கே ஒரு போன் போடுங்கள். ஏஜெண்ட் சொல்லிக்கொள்வார் என்று விடாதீர்கள். நீண்ட விளக்கம் தேவையில்லை. "மதிப்பீடு குறைஞ்சிருச்சு, எங்களால முடியாது, நீங்க வேற ஆள் பாருங்க" என்றால் போதும். ஆப்ஷன் காலம் முடியும் வரை அவர்கள் வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாதுதான். ஆனால் நீங்கள் விட்டுவிட்டது தெரிந்தால், அடுத்து வருபவரைத் திருப்பி அனுப்பாமல் பேசியாவது வைத்திருக்கலாம். எங்கள் பதினோராம் நாள் குடும்பத்தைப் போல.

எங்கள் வீட்டைக் கடைசியில் வாங்கியது செம்பவாங்கிலிருந்து வந்த வேறொரு மலாய்க் குடும்பம். விலை 545,000. அவர்களுக்கும் மதிப்பீடு 10,000 குறைந்தது. வந்த அன்றே அந்த மனிதர் அப்பாவைக் கூப்பிட்டு, அக்காவிடம் கேட்கப்போகிறேன், இரண்டு நாளில் சொல்கிறேன் என்றார். இரண்டாம் நாள் இரவு ஒன்பதரைக்குச் சொன்னார்.