திருத்தி எழுதுதலும் எழுத்தாளன் கடப்பாடும்

எழுதியதை மீண்டும் படித்துத் திருத்துதல் எழுத்தாளனின் திறமையைச் சார்ந்த விடயமாகவே பெரும்பாலும் பேசப்பட்டு வருகின்றது. நடை செம்மை பெறும், பிழைகள் நீங்கும், வாசகன் சலிப்படையான் என்பனவே அதற்குக் கூறப்படும் நியாயங்கள். இவை மெய்யே. ஆயினும் திருத்தாமல் விடுபவன் திறமை குறைந்தவன் மட்டுந்தானா, அல்லது அவன் யாருக்கேனும் தீங்கும் செய்கின்றானா என்ற வினா தனியே ஆராயப்பட வேண்டியது. முதல் வினா இலக்கணஞ் சார்ந்தது. இரண்டாவது அறஞ் சார்ந்தது.

இவ்வினாவுக்குக் கண்டிப் பிரதேச வரலாற்றிலேயே தக்கதோர் உதாரணம் உண்டு. 1660இல் கொட்டியாரத்திற் சிறைப்பிடிக்கப்பட்டுக் கண்டி இராச்சியத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட ஆங்கிலேயருள் றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞனும் ஒருவன். அப்போது அவனுக்கு வயது பத்தொன்பது. உடன் பிடிபட்ட தந்தை மறு ஆண்டே காய்ச்சலால் இறந்துபட்டார். தொப்பி பின்னியும், ஊரூராகச் சென்று சிறு வாணிபம் புரிந்தும், நெல்லைக் கடன் கொடுத்தும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளை அவன் இங்கு கழித்தான். அவனது கடைசி இருப்பிடமான எலதெத்த, இன்றைய பேராதனையிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. 1679இல் தோழன் ஒருவனுடன் வடக்கு நோக்கித் தப்பிச் சென்று, அனுராதபுரக் காடுகளினூடாக ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தான். தாயகம் திரும்பும் கடற்பயணத்திலே தன் அனுபவங்களை எழுதத் தொடங்கினான். கையிற் குறிப்பேடு எதுவும் இல்லை, ஞாபகமே ஆதாரம்.

இலண்டன் சேர்ந்தபின் அவ்வெழுத்துக்கள் றொபேட் ஹூக் என்ற விஞ்ஞானியின் பார்வைக்கு வந்தன. சிதறிக் கிடந்த செய்திகள் நாடு, அரசன், மக்கள், சிறைவாசம் என நான்கு பகுதிகளாக ஒழுங்கு பெற்றதில் ஹூக்கின் துணை இருந்தது. நூலுக்கு முன்னுரை எழுதியவரும் அவரே. 1681இல் நூல் வெளிவந்தது. விரைவிற் பிற ஐரோப்பிய மொழிகளுக்கும் சென்றது. சாதாரண எழுத்தாளன் ஒருவன் இத்துடன் மனநிறைவு கொண்டிருப்பான். நொக்ஸோ அச்சிட்ட பிரதியொன்றின் தாள்களுக்கிடையே வெற்றுத் தாள்களைச் சேர்த்துக் கட்டுவித்து, விடுபட்டவற்றை நிரப்பியும், போதாதவற்றை விரித்தும் எழுதிக்கொண்டே இருந்தான். அவன் விரும்பிய இரண்டாம் பதிப்பு அவன் வாழ்நாளில் வெளிவரவில்லை. 1720இல் அவன் இறந்தான். அவ்விடைத்தாட் குறிப்புகள் நூலோடு சேர்ந்து இலங்கையில் அச்சேறியது 1989இலேயாம்.

இதனை ஒரு முதியவரின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்நூல் யாரைப்பற்றியது என்று நோக்கும்போது வேறொரு பொருள் புலனாகும். எலதெத்தவின் உழவர்கள் அந்நூலைப் படித்திருக்கப் போவதில்லை. அதில் அவர்களைப்பற்றித் தவறாக ஏதேனும் கூறப்பட்டிருப்பின், மறுப்பதற்கு அவர்களிடம் அச்சியந்திரமும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. மறுமொழி கூற இயலாதவர்களைப்பற்றி எழுதும்போது எழுத்தாளனே அவர்களின் சாட்சியாகவும் இருந்தாக வேண்டியுள்ளது. எழுதியவனுக்கு எதிராக வழக்காட வேண்டியவனும் அவனே. தன் பிரதியைத் தானே குறுக்கு விசாரணை செய்வதற்குத்தான் திருத்துதல் என்று பெயர். நொக்ஸின் உள்ளக்கிடக்கை அதுவாகவே இருந்தது என்று வாதிட வேண்டியதில்லை. அவனது செயல் இக்கடப்பாட்டினை நமக்கு விளங்க வைக்கின்றது என்பதே போதும்.

தமிழ் மரபு இவ்விடயத்தில் வறுமையுடையதன்று. நூலுக்குரிய குற்றங்கள் பத்து என நன்னூலார் வகுத்தவற்றைப் பாடசாலையில் மனனஞ் செய்து பரீட்சையோடு மறந்துவிடுவது நம் வழக்கம். அவற்றைக் கைப்பிரதியை முன்வைத்துக்கொண்டு மீண்டும் எண்ணிப் பார்த்தால், இன்றைய எழுத்தாளனுக்கு அதனினும் சிறந்த கைந்நூல் அரிதென்பது தெரியவரும். ‘மற்றொன்று விரித்தல்’ என்பதை எடுத்துக்கொள்வோம். மாணவர் கட்டுரைகளிற் பாதியும் இக்குற்றத்தாலேயே நிறைகின்றன. பாரதியைப்பற்றி எழுதப் புகுந்தவர் பிரெஞ்சுப் புரட்சியை மூன்று பக்கம் எழுதி முடித்தபின்னரே எட்டயபுரத்துக்கு வந்து சேர்கின்றார். ‘சென்று தேய்ந்து இறுதல்’ இன்னும் நுட்பமானது. முதற் பக்கத்தின் கம்பீரம் ஐந்தாம் பக்கத்தில் இல்லாதுபோவதற்குக் காரணம் களைப்பு மாத்திரமன்று. எழுதுவதற்குரிய பொருள் தீர்ந்த பின்பும் எழுதுவதே காரணம். மருந்து எளிது. முதற் பந்தியையும் கடைசிப் பந்தியையும் நீக்கிவிட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். கட்டுரை எதையும் இழக்கவில்லையாயின் அவ்விரு பந்திகளும் அங்கு இருந்திருக்கவே கூடாது.

‘வழூஉச்சொற் புணர்த்தல்’ என்பதையும் இலக்கணப் பிழையோடு நிறுத்திவிடாமல் விரித்து நோக்குதல் தகும். கண்டியைச் சூழ்ந்த மலைகளில் வாழும் தோட்டத் தொழிலாளரைப்பற்றிக் கதை எழுதும் மாணவர் பலர், ‘தேயிலை பறித்தாள்’ என்று எழுதிச் செல்கின்றனர். தோட்டத்தில் அவ்வாறு சொல்வாரில்லை. அங்கு எடுப்பது கொழுந்து. கூடுமிடம் பெரட்டுக்களம், வாழுமிடம் லயம். நிறுக்குமிடத்தில் ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் கழிக்கப்படும் ஒவ்வொரு றாத்தலும் ஒரு குடும்பத்தின் சோற்றைத் தொடும். இச்சொற்களை அறியாத எழுத்தாளன் அக்கணக்கினையும் அறியான். அவனது கதாபாத்திரம் எதற்காக அழுகின்றது என்பது அவனுக்கே தெரியாது. ஆதலால் ‘அவள் விழிகளிற் சோகம் நிழலாடிற்று’ என்று எழுதித் தப்பித்துக்கொள்கின்றான். இங்கு சொற்பிழை அறப்பிழையாக மாறிவிடுகின்றது. என். எஸ். எம். இராமையா தம் வாழ்நாளில் எழுதிய கதைகள் சிலவே. ஆயினும் 1980இல் தொகுதியாக வெளிவந்த ‘ஒரு கூடைக் கொழுந்து’ இன்றும் மலையகச் சிறுகதையின் உரைகல்லாக நிற்பதற்கு, அக்கணக்கு அதிலே பிசகாதிருப்பதும் ஒரு காரணமாம்.

இவ்விடத்து எதிர்வாதமொன்று எழும். திருத்துவோர் எல்லாரும் உண்மையை நோக்கித்தான் திருத்துகின்றனரா? இல்லை என்பதற்கு நம் இலக்கிய வரலாறே சான்று. 1960களின் முற்பகுதியில் ஈழத்து எழுத்தாளர் பேச்சுமொழியைப் படைப்புகளிற் கையாண்டபோது, அது ‘இழிசனர் வழக்கு’ எனக் கண்டிக்கப்பட்டது. கூலித் தொழிலாளி செந்தமிழிற் பேசுமாறு திருத்தப்பட வேண்டும் என்பதே அக்கண்டனத்தின் உட்பொருள். இத்தனைக்கும், தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய க. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் அமைந்த ‘நானாடகம்’ என்ற நூலை 1940இலேயே வெளியிட்டிருந்தார். கற்றறிந்த மொழியியலறிஞர் ஒருவர் ஏற்ற மொழியைப் பண்டிதர் சிலர் ஏற்க மறுத்தமைக்கு இலக்கணத்திற்கு அப்பாற்பட்ட காரணங்களும் இருந்தன என்பதில் ஐயமில்லை. அவ்வாறு செய்யும் திருத்தம் பிரதியைச் செப்பனிடுவதில்லை. ஒருவனின் வாயைப் பொத்துகின்றது.

எனவே திருத்தங்களைத் தரம்பிரிக்க ஓர் அளவுகோல் வேண்டும். ஒரு சொல்லை அடித்து வேறு சொல்லை இடும்போது, அம்மாற்றம் வாக்கியத்தைப் பொருளுக்கு அணித்தாகக் கொண்டுவருகின்றதா, அன்றி எழுதியவனைக் கண்டனத்திலிருந்து காப்பாற்றுகின்றதா என்று வினவிக்கொள்ளலாம். கங்காணியின் கொடுமையைக் கூறும் வரி, பத்திரிகை ஆசிரியர் விரும்பமாட்டார் என்பதற்காக மென்மைப்படுத்தப்படுமாயின், நடை எவ்வளவு உயர்ந்தாலும் பிரதி தாழ்ந்துவிட்டது. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏடுகளில் வேறுபட்ட பாடங்களைக் கண்டவிடத்துத் தாம் கொண்டதை மேலே வைத்து மற்றையவற்றைப் பாடபேதமாகக் காட்டினார். பிறர் எழுத்திற் கைவைக்கும் ஆசிரியருக்கு இதுவே முன்மாதிரி. மாற்றலாம், ஆனால் மாற்றியதை மறைக்கலாகாது.

மறுபுறத்தில், திருத்திக்கொண்டே இருப்பதும் ஒருவகைக் கோழைத்தனமாகலாம். கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் ‘அசன்பேயுடைய கதை’யை வெளியிட்டார். ஈழத்தவர் தமிழில் எழுதிய முதல் நாவலாகக் கருதப்படுவது அது. சமூகத்தின் கல்விக்காகக் காலத்தோடு போராடிய அவர், நாவலென்னும் புதிய வடிவம் முழுமை பெறும்வரை காத்திருந்திருப்பின், அந்நூல் பிறந்தேயிராது. மேசை இழுப்பறையில் பத்து ஆண்டுகளாகச் செப்பமுறும் கவிதைகள் பேராதனை விடுதிகளிலும் உண்டென்பர். அவற்றாற் பிறருக்குத் தீங்கில்லை, பயனுமில்லை. நொக்ஸ் முதலில் வெளியிட்டான், பின்பும் திருத்தினான் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

ஆயினும் நொக்ஸின் முறையிலும் ஒரு குறை எஞ்சி நிற்கின்றது. நாற்பது ஆண்டுகள் அவன் தன் பிரதியைத் தனியே இருந்து திருத்தினான். எலதெத்தவிலிருந்து ஒருவரேனும் அருகிருந்து, ‘இது அவ்வாறன்று’ என்று சொல்லும் வாய்ப்பு இருக்கவில்லை. கடல் குறுக்கே கிடந்தது. இன்று கண்டியிலிருந்து எழுதும் மாணவனுக்கு அத்தகைய தடை எதுவுமில்லை. தோட்டங்கள் பேருந்து செல்லும் தூரத்தில் உள்ளன. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாக நாடாளுமன்றஞ் சென்றவர்; ஆங்கிலத்திற் கவிதை எழுதிப் புகழ்பெற்றவர். அத்தகையவரும் தொழிலாளரின் வாய்மொழிப் பாடல்களைக் கேட்டுத் தொகுப்பதை ஒரு பணியாகவே மேற்கொண்டார். அவரிலும் குறைந்த தொடர்புடையோர் அவரிலும் குறைவாகக் கேட்டால் போதும் என்று எண்ணுதற்கு நியாயமில்லை.

கதையை எழுதி முடித்தபின், அதைப் பேராசிரியரிடம் காட்டுமுன், அக்கதைக்கு உரியவர்களுள் ஒருவருக்கு உரத்து வாசித்துக் காட்டுதல் நன்று. வாசிக்கும்போதே நாக்கு இடறும் இடங்கள் நடையின் குறைகள். கேட்பவர் சிரிக்கக்கூடாத இடத்திற் சிரித்தால் அது செய்தியின் குறை. அவர் மௌனமாகி வேறு பக்கம் பார்ப்பாராயின், அப்பகுதியை அச்சிடலாமா என்பதை அவரிடமே கேட்க வேண்டும். அவர் வேண்டாமென்று சொன்னால் என்ன செய்வது? அவரது மானமும் வெளிவர வேண்டிய உண்மையும் எதிரெதிரே நிற்கும் அவ்வேளையில் நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்களும் உதவிக்கு வாரா. பெயரையும் ஊரையும் மாற்றி எழுதுவோர் உளர். பக்கத்தையே கிழித்தெறிவோரும் உளர். கேட்காமலே அச்சுக்குக் கொடுத்தவருக்கு மட்டும் இந்தச் சங்கடம் நேர்வதில்லை.