வந்தவன் வாய் திறக்கலாமா?

பிறந்த நாட்டை விட்டு வேறொரு நாட்டில் வாழப் புகுந்த ஒருவன் அந்நாட்டைக் குறை கூறலாமா? எளிய வினாவாகத் தோன்றினும், விடை கூற முற்படுவோரை இருபுறமும் நின்று மறிப்பார் உண்டு. "இவ்வூர்ச் சோற்றைத் தின்றுகொண்டு இவ்வூரையே பழிப்பதா? பிடிக்கவில்லையெனில் திரும்பிப் போகலாமே" என்பர் வந்த இடத்தார். "விட்டுச் சென்றவனுக்கு இங்கே என்ன பேச்சு?" என்பர் பிறந்த இடத்தார். இவ்விரு குரல்களுக்கும் இடையே வாய்மூடியே வாழ்ந்து முடித்தோர் உலகில் பலர். அந்த வாய்மூடல் அடக்கமா, அச்சமா?

இதனை ஆராய்வதற்கு அமெரிக்காவில் வாழும் ஆங்கிலேயரை எடுத்துக்கொள்வது தக்கது. குடிபெயர்ந்தோரை வருத்தும் பிற இடர்கள் பலவும் அவருக்கு இல்லை. மொழி ஒன்று, சட்டமும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து கிளைத்தது. வெள்ளையராயின் தெருவில் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வாய் திறந்தாலோ உச்சரிப்பை மெச்சுவோரே மிகுதி. (மெக்சிகோவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளியின் உச்சரிப்பை எவரும் அவ்வாறு மெச்சக் காணோம்.) ஆகவே, 'வந்தவன்' என்னும் ஒன்றைத் தவிர வேறு வேற்றுமை ஏறத்தாழ இல்லாத இடம் அது. அவ்வொன்று எவ்வளவு பெரிது என்பது அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

முதலில் அவரை இடறுவன சிறியன. நிலத்தோடு ஒட்டிய தளத்தையே அங்கு முதல் தளம் என்கிறார்கள். ஆதலின் முதல் தளத்து நண்பரைத் தேடி வீணாக ஒரு மாடி ஏறி இறங்குகிறார். மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதுவதால், 4-7 என்பது ஏப்ரல் ஏழா, ஜூலை நான்கா என்று திகைக்கிறார். கொதிக்கும் நீரைத் தேயிலைமேல் ஊற்றாமல், ஆறத் தொடங்கிய வெந்நீரையும் தேயிலைப் பையையும் தனித்தனியே கொண்டுவந்து வைக்கும் உணவகத்தை அவர் மன்னிப்பதே இல்லை. பிறகு பெரியன வருகின்றன. 1948-இல் தொடங்கிய நாட்டு நலவாழ்வுத் திட்டத்தின் நிழலில் வளர்ந்தவர் அவர்; மருத்துவமனைக் கட்டணப் பட்டியல் என்பதைக் கண்டறியாதவர். இங்கே பிள்ளையின் கை முறிவுக்கு வந்த பட்டியலைப் பிடித்தபடி நெடுநேரம் நிற்கிறார். பள்ளியில் சிறுவர்கள் காலைதோறும் கொடியை நோக்கி உறுதிமொழி கூறுவதைக் கேட்டுக் கூசுகிறார். அதே தெருவில், குடிபுகுந்த மறுநாளே அண்டை வீட்டார் தாமே சுட்ட பலகாரத்துடன் வந்து நிற்பதைக் கண்டு நெகிழவும் செய்கிறார்.

கருத்துகள் இவ்வாறே பிறக்கின்றன. அவற்றை எவரும் தேடிச் சென்று பெறுவதில்லை. அன்றாட வாழ்க்கையே கையில் தந்துவிடுகிறது. பெற்றதை என்ன செய்வது என்பதில்தான் அறம் பற்றிய கேள்வி எழுகிறது.

1827-இல் அமெரிக்கா சென்ற பிரான்சிஸ் டிரோலப் அம்மையார் அதனைக் காசாக்கினார். சின்சினாட்டி நகரில் வணிகக் கூடம் ஒன்றைக் கட்டி, நட்டமுற்று, 1831-இல் நாடு திரும்பினார். அமெரிக்கரின் வீட்டு ஒழுகலாறுகளைப் பற்றி மறு ஆண்டு அவர் வெளியிட்ட நூல் அமோகமாக விற்று, கடனில் மூழ்கியிருந்த குடும்பத்தைக் கரையேற்றியது. கண்ட இடமெல்லாம் புகையிலைச் சாற்றை உமிழ்வது, பேச்சின்றி அவசரமாய் உண்பது, வேலையாட்கள் பணிவு காட்டாதது என அவர் கண்ட குறைகள் பல. அவற்றுட் சில வெறும் மேட்டிமைச் செருக்கு. ஆனால் அடிமைகளை வைத்துக்கொண்டே சுதந்திரம் பேசும் முரண்பாட்டையும் அவர் சுட்டிக் காட்டினார். அது முற்றிலும் உண்மை. அமெரிக்கர் அவரைத் திட்டித் தீர்த்தனர். பின்னாளில் மார்க் ட்வெய்ன்தான் அவ்வம்மையார் கண்டதைக் கண்டவாறே எழுதினார் என்று பரிந்து பேசினார்.

சொன்னவர் எவர் என்பதால் உண்மை பொய்யாகிவிடாது. அவ்வாறாயின் அந்நூலில் உறுத்துவதுதான் எது? அது தொடக்கம் முதல் இறுதிவரை 'அவர்கள்' என்றே பேசுகிறது. கேட்போரும் அவர்களல்லர், கடல் கடந்து லண்டனில் இருப்போர்.

இவ்விடத்தில் தமிழுக்கு வாய்த்த ஒரு நுட்பம் நமக்குத் துணை செய்கிறது. 'நாம்' என்பது கேட்பவனையும் உளப்படுத்தும். 'நாங்கள்' என்பது அவனை வெளியே நிறுத்தும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அமெரிக்காவில் வாழும் ஆங்கிலேயர் அச்சொல்லை வழங்கும்போது எதனைக் குறிக்கிறார் என்பது, சில வேளைகளில் அவருக்கே விளங்குவதில்லை என்று தோன்றுகிறது.

இதற்கு அலிஸ்டேர் குக் அவர்களை விடச் சிறந்த சான்று இல்லை. 1908-இல் சால்ஃபோர்டில் பிறந்தவர். 1932-இல் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று, 1937-இல் அங்கேயே குடியேறினார். 1941 டிசம்பரில், பேர்ல் துறைமுகம் தாக்கப்படுவதற்கு ஆறு நாள் முன்பு, அமெரிக்கக் குடிமகனானார். பிரிட்டன் போரில் எரிந்துகொண்டிருந்த காலம் அது. தாய்நாட்டில் அதனை மன்னியாதார் இருந்தனர். பி.பி.சி. வானொலியில் அவர் 1946 மார்ச்சில் தொடங்கிய 'அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம்' முதலில் பதின்மூன்று வாரங்களுக்கே திட்டமிடப்பட்டது. 2004 பிப்ரவரி வரை, 2,869 கடிதங்களாக நீண்டது. அடுத்த மாதமே, தொண்ணூற்றைந்து வயதில், அவர் மறைந்தார். 1973-இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு வீரப்பட்டம் அளித்தபோது, அவர் அமெரிக்கர் என்பதால் அது மதிப்புறு பட்டமாகவே அமைந்தது. பெயர்முன் 'சர்' என இட்டுக்கொள்ளும் உரிமை இல்லை.

1968 ஜூன் 5 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் விடுதியில் ராபர்ட் கென்னடி சுடப்பட்டபோது குக் அருகிலேயே இருந்தார். நாடு முழுவதுமே நோயுற்றது, அமெரிக்கர் அனைவரும் குற்றவாளிகளே என்று பலர் புலம்பிய வாரம் அது. அக்கூற்றை அவர் தம் கடிதத்தில் கடுமையாக மறுத்தார். ஒருவன் செய்த கொலைக்கு எல்லாரும் பொறுப்பு என்பது அவருக்கு ஏற்கத்தகாத பேச்சாயிற்று.

குற்றத்தைப் பொறுத்தவரை அவர் கூறியது சரியே. குற்றத்தைப் பங்கிட இயலாது. ஆனால் கடன்? ஒரு வீட்டைப் பெறுபவன் அதன் மேலுள்ள அடமானத்தையும் சேர்த்தே பெறுகிறான். 1776-ஆம் ஆண்டின் பெருமையை "நம் முன்னோர் செய்தது" என்று உறுதிமொழி ஏற்ற நாளில் ஏற்றுக்கொள்பவர், அம்முன்னோர் அடிமைகளை வைத்திருந்ததன் விளைவுகளைத் தீர்க்கும் பொறுப்பை மட்டும் "நான் பின்னால் வந்தவன்" என்று ஒதுக்க முடியுமா? பெருமைக்கு 'நாம்', கடனுக்கு 'அவர்கள்' என்பது நேர்மையன்று என்றே நான் கருதுகிறேன். குக் அவர்களின் மென்மையும் நகைச்சுவையும் நான் விரும்புவனவே; ஆயினும் இந்த ஒன்றில் அவர் எளிதில் தப்பிவிட்டார் என்ற எண்ணம் எனக்கு நீங்கவில்லை.

ஜெசிகா மிட்ஃபர்டு அம்மையார் அவ்வாறு தப்பவில்லை. ஆங்கிலப் பிரபு குடும்பத்தில் பிறந்து, 1939-இல் அமெரிக்கா வந்து, 1944-இல் குடியுரிமை பெற்றவர். வழக்கறிஞரான அவர் கணவர் தொழிற்சங்கத்தார்க்காக உழைத்தவர். உழைப்பாளி ஒருவன் இறந்தால், அவன் குடும்பத்துக்குக் கிடைக்கும் சிறு தொகையை ஈமச்சடங்கு நிறுவனங்கள் எவ்வாறு விழுங்கிவிடுகின்றன என்பதை அவர்தாம் முதலில் கவனித்தார். துயரத்தில் இருப்போரிடம் விலையுயர்ந்த பெட்டியைத் தலையில் கட்டுவது, பிணத்தைப் பதப்படுத்துவது சட்டப்படி கட்டாயம் என நம்பவைப்பது முதலிய வழக்கங்களை அம்மையார் 1963-இல் 'அமெரிக்கச் சாவு முறை' என்னும் நூலில் வெளிப்படுத்தினார். லண்டனிலுள்ளோர்க்குக் கடிதம் எழுதிச் சிரித்ததோடு நின்றிருக்கலாம். ஆனால் அவர் அமெரிக்கரை நோக்கியே பேசினார். தம் பக்கத்துத் தெரு விதவைக்காகப் பேசினார். ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனி விலை காட்டவேண்டும் என்னும் கூட்டரசு விதி 1984-இல் நடைமுறைக்கு வந்தது. "உன் ஊருக்குத் திரும்பிப் போ" என்பது அவரிடம் எடுபடாத சொல். அவர் ஊர் அதுவே.

குடியுரிமை பெறாதவர் நிலை இன்னும் சிக்கலானது. 'கிரீன் கார்டு' பெற்று முப்பதாண்டு வாழ்ந்த ஆங்கிலேயரும் வரி செலுத்துகிறார். காங்கிரசுத் தேர்தலில் அவருக்கு வாக்கு இல்லை. வாக்கின்றி வரி இல்லை என்று அவருடைய அரசரோடு போரிட்ட நாடு அது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. தாய்நாட்டிலோ, 2002 முதல் 2024 தொடக்கம் வரை, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்தோர் வாக்குரிமை இழந்தனர். ஆக, இருபத்திரண்டு ஆண்டுக்காலம் இத்தகையோர் பலர் இரு நாடுகளிலும் வாக்கற்றவராய் இருந்தனர். நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸ் 1960-இல் சென்று, 2015-இல் மறையும்வரை அமெரிக்கக் குடிமகன் ஆகவே இல்லை. அந்நாட்டு மனநோய் விடுதிகளில் நோயாளிகள் நடத்தப்பட்ட விதத்தை அவர் எழுதாமலும் இல்லை. நோயாளியின் கையைப் பிடித்தவரிடம் கடவுச்சீட்டைக் கேட்பது பொருந்துமா?

தில்லியிலோ மும்பையிலோ வாழும் நமக்கு இச்சட்ட இடர் இல்லை. நாடு ஒன்றே; குடியிருக்கும் ஊரிலேயே வாக்கும் உண்டு. ஆயினும் குழாயில் தண்ணீர் வராத காலையில் "இந்த ஊர்க்காரர்களே இப்படித்தான்" என்னும் சொல் நம் வீடுகளிலும் எழுவதுண்டு. அக்குழாய் நம்முடையதும் அன்றோ?

பிள்ளைகள் வளர்ந்ததும் வீட்டுக்குள்ளேயே இந்த 'நாம்' பிளவுபடுகிறது. அங்கே பிறந்த குழந்தை அமெரிக்கர். ஆங்கிலேயத் தந்தை அல்லர். ஜூலை நான்காம் நாள் உணவு மேசையில் அமர்ந்து, "நாம் அவர்களை வென்றோம்" என்கிறது பள்ளியில் படித்த பிள்ளை. அந்த 'அவர்கள்' எதிரே அமர்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார். வாணவெடிக்குப் பணம் கொடுத்தவரும் அவரே.

2024 முதல் அவருக்குத் தாய்நாட்டு வாக்குரிமை மீண்டும் கிடைத்துள்ளது. இறுதியாக வாழ்ந்த முகவரிக்குரிய தொகுதியில் பதிந்துகொண்டால், வாக்குச்சீட்டு அஞ்சலில் வரும். அங்கே அவர் படித்த பள்ளியில் எவர் பிள்ளைகள் படிக்கின்றனர், எத்தெருவில் வெள்ளம் புகுகிறது என்பதொன்றும் அவருக்குத் தெரியாது. அவர் இடும் குறியால் வரும் வரியும் வெட்டும் அவரைத் தொடப்போவதில்லை. தம் பிள்ளை படிக்கும் பள்ளியின் ஆட்சிக்குழுத் தேர்தலிலோ, பெரும்பாலான அமெரிக்க ஊர்களில், அவருக்கு வாக்கு இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் அந்த உறையைப் பிரிப்பதற்கு முன், எழுதுகோலை எடுத்துக்கொண்டு பள்ளிக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கியிருப்பேன்.