தேய்ந்த குழிகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடை. 14 குழிகள் கொண்ட பல்லாங்குழிப் பலகையைக் காட்டி, தேய்மானம்தான் விலையைக் கூட்டுகிறது என்றார் கடைக்காரர்.

தேய்த்த விரல்கள் யாருடையவை? வயதுக்கு வந்து பின்கட்டில் தனியே உட்காரவைக்கப்பட்ட நாட்களில்தான் பல்லாங்குழி என் கைக்கு வந்தது. அண்ணன் தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான். நான் புளியங்கொட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனாலும், தீட்டுப் பார்க்காமல் அம்மாச்சி எதிரே உட்கார்ந்து வேண்டுமென்றே தோற்ற மதியங்கள் இனித்தன.

அந்த இனிப்பும் உண்மை, அடைப்பும் உண்மை. அடைப்பை மறைத்து இனிப்பை மட்டும் விலைபேசும்போதுதான் பழைய நாட்களின் ஏக்கம் பொய்யாகிறது.

பலகையை வாங்கினேன். மகளுக்கு இரண்டையும் சொல்ல வேண்டும். ஆட்டம் மட்டும் வாசல் திண்ணையில்தான்.