படலும் பார்வையாளரும்: காட்டுக் கைவினைச் சந்தையில் உழைப்பின் புனிதம்

ஒரு தொழிலைத் தோற்றுவித்த தேவை மறைந்த பிறகும், அதே கருவிகளோடும் அதே கைப்பழக்கத்தோடும் கூடிநிற்பவர்களின் கண்முன் அது செய்யப்படுமானால், அது பழைய தொழிலேதானா அல்லது தொழிலின் வேடம் பூண்ட நிகழ்த்துகலையா என்பது உழைப்பைப் பற்றிய மெய்யியலில் எளிதில் தீராத வினா. உழைப்புக்குப் புனிதம் உண்டு எனக் கருதும் சமய மரபுகளுக்கு இவ்வினா இன்னும் கூர்மையானது. அப்புனிதம் செய்பவரின் மனநிலையில் உறைகிறதா, செய்த பொருளின் பயனில் உறைகிறதா என்பதற்கு அவை விடை சொல்லியாக வேண்டும். தென் இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் நடைபெறும் காட்டுக் கைவினைச் சந்தைகள் கடந்த ஒரு நூற்றாண்டில் கண்ட ஏற்ற இறக்கங்கள் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாக அமைகின்றன.

இச்சந்தைகளில் இடம்பெறும் கைவினைகள் பெரும்பாலும் மறுதாம்புக் காடுகளைச் சார்ந்தவை. மறுதாம்பு என்பது மரத்தை வேரோடு அகற்றாமல் தரையை ஒட்டி வெட்டி, அடிக்கட்டையிலிருந்து கிளைக்கும் கழிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அறுவடை செய்யும் முறை. ஹேசல் மரத்தில் இச்சுற்று ஏறத்தாழ ஏழெட்டு ஆண்டுகளில் நிறைவுறும். அக்கழிகளின் முதன்மையான பயன் ஆட்டுப்பட்டிக்கான படலாக இருந்தது. விளைநிலத்தில் ஆடுகளைக் கிடைபோட்டு எருவூட்டும் வழக்கம் இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுப் பகுதிகளிலும் வேரூன்றியிருந்ததால், நாள்தோறும் பெயர்த்து நடக்கூடிய வேலி இடையருக்கு இன்றியமையாததாயிற்று. ஹாம்ப்ஷயர் மாவட்டத்து வேஹில் போன்ற ஊர்களில் இலையுதிர்காலத்தில் கூடிய பெருஞ்சந்தைகளில் ஆடுகளை அடைத்து நிறுத்தியவையும் இத்தகைய படல்களே. அங்கே காட்டுக் கைவினை எவருக்கும் காட்சிப்பொருளாக இருக்கவில்லை. சந்தை நடப்பதற்கு வேண்டிய தளவாடமாக, யாரும் நின்று பாராத பொருளாகவே அது இருந்தது.

படலின் அமைப்பே அதன் பயனை விளக்கிவிடும். சற்றே வளைந்த அச்சுக்கட்டை ஒன்றில் வரிசையாகத் துளையிட்டு, அத்துளைகளில் முளைகளை நிறுத்தி, அரிவாளால் நெடுக்குவாட்டில் பிளந்த கழிகளை அவற்றினூடே குறுக்காகப் பின்னுவர். கழி ஓரத்து முளையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் அதை வெறுமனே மடக்கினால் ஒடிந்துவிடும். கயிறு முறுக்குவதுபோல் முறுக்கினால் நார்கள் பிரிந்து நெகிழ்ந்து, ஒடியாமல் வளையும். வளைந்த கட்டையில் பின்னப்பட்ட படல் பின்னர் உலர்ந்து நிமிரும்போது பின்னல் தானாகவே இறுகும். நடுவில், மேற்பகுதியை ஒட்டி, ஒரு சிறு இடைவெளி விடப்படும். சில படல்களை அடுக்கி, அவ்விடைவெளியில் ஒரு கழியைச் செருகி, இடையர் தோளில் சுமந்து செல்வதற்காக ஏற்பட்ட வழி அது. ஆக, சுமப்பவரின் தோள் படலின் வடிவத்துக்குள்ளேயே இடம்பெற்றிருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இத்தேவைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கம்பிவலையும் மின்வேலியும் படலின் இடத்தைப் பிடித்தன. வேதி உரங்கள் கிடைபோடும் வழக்கத்தைத் தேவையற்றதாக்கின. முதல் உலகப்போரில் நேர்ந்த மரப்பற்றாக்குறையை அடுத்து 1919-இல் நிறுவப்பட்ட வனத்துறை ஆணையம் விரைந்து வளரும் ஊசியிலை மரங்களுக்கு முன்னுரிமை அளித்ததால், பழைய மறுதாம்புக் காடுகள் பலவும் அழிக்கப்பட்டன அல்லது வெட்டுவாரின்றிப் புதர்மண்டின. சில்டர்ன் குன்றுகளின் பீச் காடுகளிலேயே கழிக்கடைசலை நிறுவி, அதாவது வளைந்து நிமிரும் ஒரு நீண்ட கழியின் விசையாலும் கால்மிதியாலும் இயங்கும் கடைசல் பொறியை அமைத்து, ஹை விக்கம் நகரத் தொழிற்சாலைகளுக்கு நாற்காலிக் கால்களைக் கடைந்து கொடுத்துவந்த பாட்ஜர் எனப்பட்ட தொழிலாளரின் மரபும் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியோடு ஏறக்குறைய முடிவுற்றது. பெர்க்ஷயரில் இதே வகைக் கடைசலில் மரக்கிண்ணம் கடைந்துவந்த ஜார்ஜ் லெய்லி 1958-இல் இறந்தபோது, அவரது கடைசல் ரெடிங் நகரில் உள்ள ஆங்கிலேய நாட்டுப்புற வாழ்வு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

அருங்காட்சியகத்தோடு கதை முடிந்துவிடவில்லை. மைக் அபட் எழுதிய பச்சைமரத் தச்சு பற்றிய நூல் 1989-இல் வெளிவந்தது. கழிக்கடைசலாளர்களின் சங்கம் 1990-இல் உருவாயிற்று. அச்சங்கம் ஆண்டுதோறும் கூட்டும் பெருவிழாவும், 2012 முதல் டெர்பிஷயரின் ஈடேல் கிராமத்தில் நடந்துவந்த மரக்கரண்டித் திருவிழாவும், பல மாவட்டங்களில் தோன்றிய மரச்சந்தைகளும் மறைந்த கைவினைகளைத் திறந்தவெளிக்கு மீட்டுக் கொணர்ந்தன. எனினும் மழையை நம்பியும் மழைக்கு அஞ்சியும் நடைபெறும் இக்கூட்டங்களின் வாழ்வு உறுதியற்றது. 2020-இன் பெருந்தொற்று அவற்றை அறவே முடக்கியது. அதே 2012-இல் அந்நாட்டில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால், நாற்காலிக்கும் கருவிப்பிடிக்கும் உரிய ஆஷ் மரங்கள் பெருமளவில் பட்டுப்போகத் தொடங்கின. அழிவின் விளிம்பில் உள்ள கைவினைகளின் பட்டியல் 2017-இல் முதன்முறையாக வெளியிடப்பட்டபோது, மர வளையத்தில் சல்லடை கட்டும் தொழில் அற்றுப்போனவற்றுள் ஒன்றாக அதில் இடம்பெற்றது; அப்பட்டியலைக் கண்ட பிறகு அத்தொழிலைக் கற்று மீட்டவர்களும் உண்டு.

இங்ஙனம் மீண்டது எது என்பதே வினா. செயல்களை அரிஸ்டாட்டில் இருவகையாகப் பிரித்தார்: தன் பலனைத் தனக்கு வெளியே, ஆக்கப்படும் பொருளில் கொண்டிருப்பது ஆக்கம், தானே தனக்குப் பலனாக அமைவது ஒழுகலாறு. இடையருக்காகப் பின்னிய படல் ஐயமின்றி ஆக்கம். சந்தைத் திடலில் பார்வையாளருக்காகப் பின்னப்படும் படலிலோ, பின்னும் செயலே பலனாகிவிடுகிறது. முடிந்த படல் அந்நிகழ்ச்சியின் எச்சம் மட்டுமே. இன்று வீட்டுத் தோட்டங்களுக்காகச் செய்யப்படும் படல்கள் பலவற்றில் நடு இடைவெளி இருப்பதில்லை. சிலர் மரபின் அடையாளமாக அதை விட்டுவைத்தாலும், கழி செருகுவார் இல்லை. இதைக்கொண்டு சந்தைக் கைவினை வெறும் நடிப்பு என முடிவுகட்டிவிட இயலாது. மேடையில் வாள் வீசுபவரின் வாள் வெட்டுவதில்லை; சந்தையில் கழி பிளப்பவரின் அரிவாளோ உண்மையாகவே வெட்டுகிறது. கைவினையை ஆராய்ந்த டேவிட் பை, 1968-இல் வெளியான தம் நூலில், விளைவு முன்கூட்டியே உறுதி செய்யப்படாமல், செய்பவரின் கவனத்தையும் தீர்ப்பையும் நொடிதோறும் நம்பியிருக்கும் வேலையை இடர்சார் வேலை என வகுத்தார். பார்வையாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவ்விடர் குறைவதில்லை.

ஆனால் இடர் இருப்பதனால் மட்டும் ஒரு செயல் புனிதமாகிவிடாது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த மடத்து ஒழுங்கு இதை நுட்பமாக உணர்ந்திருந்தது. அதன் 57-ஆம் அத்தியாயம், மடத்தில் உள்ள கைவினைஞர் தம் தொழிலைப் பணிவோடு செய்ய வேண்டும் என்றும், தம் திறமையால் மடத்துக்கு ஆதாயம் சேர்கிறது என்று ஒருவர் செருக்குற்றால் அவரை அத்தொழிலிலிருந்தே விலக்க வேண்டும் என்றும், விளைபொருளை வெளியார் விற்பதைவிடச் சற்றுக் குறைந்த விலைக்கே விற்க வேண்டும் என்றும் விதிக்கிறது. உழைப்பு இறைவனுக்குரிய காணிக்கையாவதற்குச் செய்பவர் பின்னுக்கு நகர்ந்து பொருளே முன்னிற்க வேண்டும் என்பது இவ்விதிகளின் உட்கிடை. இன்றைய சந்தை இதைத் தலைகீழாக்குகிறது: பொருளைவிடச் செய்பவரே பார்க்கப்படுகிறார், பலருக்குப் பொருள் விற்றுக் கிடைப்பதைக் காட்டிலும் பயிற்சி வகுப்பு நடத்திக் கிடைப்பதே வாழ்வாதாரமாகிறது.

ஆனந்த குமாரசாமியின் சிந்தனை இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. கொழும்பில் 1877-இல் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த அவர், கைவினைக் குழாம் ஒன்றை இலண்டனிலிருந்து காட்ஸ்வோல்ட்ஸ் நாட்டுப்புறத்துக்குப் பெயர்த்திருந்த சி. ஆர். ஆஷ்பியின் அண்டையில், பிராட் கேம்ப்டன் என்னும் ஊரில் குடியிருந்தார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலை 1908-இல் அங்கிருந்தே அச்சிட்டார். பின்னர் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணிபுரிந்துகொண்டே, கலைப்பொருட்களை ஏன் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற வினாவைத் தலைப்பாகக் கொண்ட நூலை 1943-இல் வெளியிட்டார். மரபுச் சமூகத்தில் எப்பொருளும் பார்ப்பதற்கென்று செய்யப்படவில்லை, ஒரு தேவையை நன்கு நிறைவேற்றுவதே அதன் அழகு, தன் கடமையைச் செவ்வனே செய்யும் தொழிலாளிக்கு அத்தொழிலே வழிபாடு என்பது அவர் கருத்து. இவ்வளவுகோலின்படி மரச்சந்தை, நடமாடும் அருங்காட்சியகத்துக்கு மேலானது அன்று.

குமாரசாமியின் வாதத்துக்கு வலிமை உண்டு, குறையும் உண்டு. தொழில் பிறப்பால் அமைவதையும் அதைக் கடமையென ஏற்பதையும் அவர் உயர்த்திப் பேசினார். அவ்வமைப்பு யாரையெல்லாம் கட்டிப்போட்டது என்பதற்கு அவர் போதிய இடம் தரவில்லை. சாதியின் சுமையை அறிந்த சமூகங்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் காட்டுத் தொழிலாளரும் எண்ணிக்கைக் கூலிக்கு, குளிரிலும் ஈரத்திலும், பேரம் பேசும் வலுவின்றியே உழைத்தனர். அவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலையை நாடிச் சென்றதைப் புனிதத்தின் வீழ்ச்சி என்பது பொருந்தாது. இன்று கழிக்கடைசலை மிதிப்பவர் அதைத் தாமே தேர்ந்துகொண்டவர். தேவை போன இடத்தில் விருப்பம் வந்திருக்கிறது. விருப்பத்தோடு செய்யும் செயலுக்கே காணிக்கையாகும் தகுதி உண்டு என்றால், பழைய சந்தையில் இல்லாத ஒரு கூறு புதிய சந்தையில் உள்ளது.

அத்துடன், தேவை முற்றிலும் போய்விட்டது என்பதும் சரியன்று. பல நூற்றாண்டுகளாக வெட்டுக்குப் பழகிய மறுதாம்புக் காட்டை வெட்டாது விட்டால் விதானம் மூடிக்கொண்டு நிலம் இருளடைகிறது. வெட்டியபின் பாயும் ஒளியில் பூக்கும் தரைச்செடிகளும், அவற்றை நாடும் சில வண்ணத்துப்பூச்சி இனங்களும், ஹேசல் புதர்களில் வாழும் டார்மௌஸ் என்னும் சிற்றெலியும் குன்றுகின்றன. கழிகளை வாங்குவார் இருந்தால்தான் காட்டை வெட்டுவது கட்டுப்படியாகும். இடையரின் தோளுக்காக ஏற்பட்ட தொழிலை இன்று காடே கேட்டு நிற்கிறது எனலாம்.

ஆகவே காட்டுக் கைவினைச் சந்தையின் தகுதியை அங்கே கூடும் கூட்டத்தால் அளப்பது பொருந்தாது. பார்க்க வந்தவர்களுள் எத்தனைபேர் பயன்படுத்துவோராக மாறுகிறார்கள் என்பதே தக்க அளவை. படலை வாங்கிச் சென்று தோட்டத்தில் நட்டு, அது மக்கியபின் மீண்டும் அதே காட்டுக் கழியைத் தேடி வருபவர், செய்பவருக்கும் காட்டுக்கும் இடையே அறுந்த பொறுப்பைப் புதுப்பிக்கிறார். பொருள் அவர் கையில் முன்னிற்க, செய்பவர் பெனடிக்ட் விரும்பியவாறு பின்னுக்குச் செல்ல இயலும். அத்தகையோரை உண்டாக்கும் சந்தையில் பார்வை என்பது பயனுக்கு இட்டுச்செல்லும் வாயில். உண்டாக்காத சந்தையில் எவ்வளவு தேர்ந்த கைத்திறனும் தன்னைத்தானே காட்டிக்கொள்வதோடு முடிந்துபோகும். உழைப்பின் புனிதம் செய்பவரின் மனத்தில் மட்டுமோ பொருளில் மட்டுமோ தங்குவதில்லை. செய்பவர், பொருள், அதைப் பெறுபவர், அது பிறந்த நிலம் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று கடமைப்பட்டிருக்கும் உறவிலேயே அது நிலைபெறுகிறது.