வாயிற்படியில் நிறுத்தலாமா?

அயலானின் திறன் வேண்டும், அயலான் வேண்டாம் என்று ஒரு நாடு எண்ணுவது அறமாகுமா? திருக்கோணமலைத் துறைமுகத்தருகே கற்பிக்கும் எமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. எம்மிடம் பயின்று பொறியியலாளராகவும் கணினி வல்லுநராகவும் உருவாகும் இளைஞர் பலரது எதிர்காலம் வீசா என்னும் ஒரு தாளிலே தொங்குகின்றது.

இத்துறைமுகம் இதனை முன்பே கண்டதுண்டு. பிரித்தானியக் கடற்படைத் தளம் இங்கிருந்த நாளில், கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்தோர் இங்கே உழைத்தனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமோ தந்தை பிறந்த இடத்தைக் கேட்டது. எத்தனை ஆண்டு உழைத்தாய் என்று கேட்கவில்லை. 1957 ஒக்டோபரில் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. தளம் நமதாயிற்று, அங்கு வியர்வை சிந்திய இந்தியர் அயலாராகவே எண்ணப்பட்டனர்.

1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த அமெரிக்காவின் எச்-1பி வீசா இதையே சற்று நாகரிகமாகச் செய்கின்றது. ஆண்டுக்கு 65,000 பேர். அங்கே மேற்பட்டம் பெற்றோர் மேலும் 20,000 பேர். மனுச் செய்பவர் முதலாளி, உழைப்பவர் அல்லர். வேலை போயின், பொதுவாக 60 நாட்களுக்குள் வேறு முதலாளியைத் தேடவேண்டும்; இன்றேல் வெளியேற வேண்டும். அநீதியைக் கண்டும் வாய்திறக்க எவன் துணிவான்? நிரந்தர வதிவிடத்துக்கோ நாடொன்றுக்கு 7 வீதம் என்பது எல்லை. ஆதலால் இந்தியாவிலிருந்து சென்றோர் பல்லாண்டு காத்திருக்கின்றனர். அங்கேயே வளர்ந்த பிள்ளை, 21 வயதானதும் பல வேளைகளில் பெற்றோரின் வரிசையிலிருந்து நழுவிவிடுகின்றது.

எல்லையைக் காக்க நாடுகளுக்கு உரிமை உண்டென்பர். உண்டு. ஆனால், கதவை மூடிவைத்தல் வேறு. அழைத்து, உழைப்பைப் பெற்று, வாயிற்படியிலேயே ஆண்டாண்டாக நிறுத்திவைத்தல் வேறு.

நம்மவர் பார்வையிலும் கோணல் உண்டு. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் வைத்தியரும் பொறியியலாளரும் வெளியேறியபோது, இலவசக் கல்வியைக் கொண்டோடுகின்றனர் என ஏசினோர் பலர். கல்வி முதலாம், படித்தவன் அதன் வட்டியாம்! 1945இல் வந்த அத்திட்டம் கடனெனில், அது இலவசமாவது எங்ஙனம்? வைத்தியரின்றி வாடும் ஏழை நோயாளியின் துயர் மெய்யே. அதனைத் தீர்க்கும் வழி, தங்குவோர்க்கு வாழத்தக்க ஊதியம் கொடுத்தலே, போவோரைத் தூற்றுதலன்று.

வீசா தொழிலாளியின் உடைமையாதல் வேண்டும். சில ஆண்டு உழைத்தோர்க்குக் குடியிருப்பு உரிமையாதல் வேண்டும். இதனை அமெரிக்காவிடம் மட்டும் கேட்டால் போதுமா? இந்திய, சிங்கப்பூர் நிறுவனங்கள் நம் துறைமுகத்திலும் இயங்குகின்றன. இங்கு பணிக்கு வரும் அயல்நாட்டாருக்கு இலங்கை வழங்கும் வதிவிட வீசாவும் வேலைகொடுப்போரின் பெயரோடுதான் பிணைக்கப்பட்டிருக்கின்றது.