கிளியரன்ஸ்

கீகேட் மென்பொருளில் ஒரு சர்க்யூட் பலகையை வரைந்து முடித்ததும் எல்லாரும் தேடிப் போவது ஒரே பொத்தானைத்தான்: டிஆர்சி, அதாவது வடிவமைப்பு விதிச் சோதனை. அழுத்தினால் மென்பொருள் ஒவ்வொரு செப்புத் தடத்தையும் அளந்துபார்த்து, எங்கெங்கே விதி மீறப்பட்டிருக்கிறது என்று பட்டியல் தரும். பிழை 0, எச்சரிக்கை 0 என்று வந்துவிட்டால் ஒரு நிம்மதி. அப்புறம் என்ன, தயாரிப்புக்கு அனுப்பிடலாம்னு தோணும். விதி எதையும் மீறாமல் இருப்பதும் சரியாக இருப்பதும் ஒன்றுதானா என்கிற பழைய அறக்கேள்வி அந்த 0-க்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு தடங்களுக்கு நடுவே விடவேண்டிய குறைந்தபட்ச இடைவெளிக்கு இந்தத் தொழிலில் பெயர் கிளியரன்ஸ். எவ்வளவு விடணும் என்பது அந்தத் தடம் எந்த ‘நெட் கிளாஸ்’ என்கிற வகுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் எல்லாத் தடங்களும் ‘டீஃபால்ட்’ வகுப்புக்குள் போய்விடும். அங்கே இடைவெளி 0.2 மில்லிமீட்டர். சென்சாரிலிருந்து வரும் 3 வோல்ட் சிக்னலுக்கு அது தாராளம். வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டுக்குச் சில மில்லிமீட்டராவது வேண்டும். அந்த 230 வோல்ட் தடத்தை டீஃபால்ட்டிலேயே விட்டுவிட்டு டிஆர்சியை ஓட்டிப் பாருங்கள். பிழை 0 என்றுதான் வரும். மென்பொருள் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொல்கிறது. தப்பு கேள்வியில் இருக்கிறது. அந்தத் தடத்தை எந்த வகுப்பில் போடுவது என்ற முடிவு, சோதனை தொடங்குவதற்கு முன்பே, யாரும் கவனிக்காமல் நடந்துவிட்ட ஒன்று.

அதே சோதனைச் சாளரத்தில் இன்னொரு தாவலும் உண்டு. ‘புறக்கணிக்கப்பட்ட சோதனைகள்’. எதையெல்லாம் சோதிக்க வேண்டாம் என்று நாமே சொல்லிவைத்தோமோ அதன் பட்டியல். வலது ஓரத்தில் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு கண் சின்னம் இருக்கும். அதை அணைத்தால் அந்த அடுக்கு திரையிலிருந்து மறையும், பலகையிலிருந்து மறையாது. நேர்மையான மென்பொருள்தான். எதை மறைத்தோம் என்பதையும் ஒளிக்காமல் வைத்திருக்கிறது. நாம்தான் அந்தப் பக்கம் போவதில்லை.

1992-ல் பிரான்சின் கிரனோபில் நகரில் ழான்-பியர் ஷராஸ் தொடங்கிய கீகேடை, 2013-லிருந்து கூடவே நின்று வளர்த்தது செர்ன் என்கிற துகள் இயற்பியல் ஆய்வகம். துகள் இயற்பியலும் சர்க்யூட் பலகையும் அவ்வளவு நெருக்கம். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலைக்கு அடியில் அமையவிருந்த நியூட்ரினோ ஆய்வகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 50,000 டன் இரும்பு, அதன் அடுக்குகளுக்கு நடுவே ஏறத்தாழ 28,800 கண்ணாடி உணரிகள், அவற்றிலிருந்து சிக்னல் கொண்டுவர 36 லட்சத்துக்கும் மேற்பட்ட சேனல்கள் என்பது திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது.

அந்தத் திட்டம் மாட்டிக்கொண்டதும் ஒரு கிளியரன்ஸில்தான், சுற்றுச்சூழல் கிளியரன்ஸில். பலகையில் அந்தச் சொல்லுக்கு ‘விலகி நில்’ என்று பொருள். அரசு அலுவலகத்தில் ‘நீ போகலாம்’ என்று பொருள். கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்பதால், தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017 மார்ச்சில் முந்தைய அனுமதியை நிறுத்திவைத்தது. மறு ஆண்டே சுற்றுச்சூழல் அமைச்சகம், சிறப்பு நேர்வு என்று சொல்லி மீண்டும் அனுமதி கொடுத்தது. எந்த வகுப்பில் தெரியுமா? கட்டடம் மற்றும் கட்டுமானம். அடுக்குமாடிக் குடியிருப்பும் வணிக வளாகமும் வருகிற அதே வகுப்பு. மலையைக் குடைந்து போகிற சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம் அங்கே போய் உட்கார்ந்தது. வகுப்பு அதுதான் என்றால் கேட்கப்படும் கேள்விகளும் அந்த வகுப்புக்கு உரியவைதான்.

விஞ்ஞானிகளை வில்லனாக்குவது எனக்கு நோக்கமில்லை. நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. இதைப் படிக்கும் இந்த நொடியிலும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் உங்களைத் துளைத்துக்கொண்டுதான் போகின்றன. அதை அவர்கள் பொறுமையாக விளக்கினார்கள். ஆனால் ஊர்க்காரர்கள் கேட்டது அது மட்டுமில்லை. வெடிவைத்தால் என்ன ஆகும், தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள், மலைக்கு மாடு ஓட்டிப் போகும் பாதை இருக்குமா என்றும் கேட்டார்கள். ஒரு கேள்வி தவறு என்று காட்டிவிட்டதால் மற்ற கேள்விகளும் தீர்ந்துவிடாது. அவை புறக்கணிக்கப்பட்ட சோதனைகள் தாவலில் அப்படியே இருக்கும்.

இப்படிச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தால் எந்தப் பலகைதான் வெளியே வரும், எந்த ஆய்வுதான் நடக்கும்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்துக்குள் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்ட நாடு இது. அந்தத் தொடர்ச்சி அறுவது சின்ன இழப்பு இல்லை. 2022-ல் தமிழ்நாடு அரசு இத்திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அதைக் கொண்டாடுகிறவர்களும் அந்த இழப்பைக் கணக்கில் வைக்கத்தான் வேண்டும்.

நான் விதிகளைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. டிஆர்சி இல்லாமல் ஒரு பலகையையும் அனுப்ப மாட்டேன். ஆனால் அனுபவசாலிகள் அதோடு நிறுத்துவதில்லை. வரைபடத்தை அதே அளவில் தாளில் அச்செடுத்து, உண்மையான உதிரிபாகத்தை அதன்மேல் வைத்துப் பார்ப்பார்கள். பிறகு, வரையாத ஒருவரைக் கூப்பிட்டு, வகுப்புப் பட்டியலைக் காட்டி, ‘இதுல எது தப்பான இடத்துல இருக்கு?’ என்று கேட்பார்கள். வரைந்தவர் கண்ணுக்கு டீஃபால்ட் என்பது ஒரு தேர்வாகவே தெரியாது. அந்தப் பலகையைத் தொட்டு வேலை செய்யப் போகிறவருக்குத் தெரியும். பொட்டிப்புரத்தில் அந்த ஆள் மாடு மேய்ப்பவர். அவரை டிஆர்சி முடிந்தபிறகு சமாதானப்படுத்தக் கூப்பிடுவது வேறு, வகுப்பை முடிவு செய்யும்போதே கூப்பிடுவது வேறு. அறம் என்று ஒன்று இருந்தால் அது இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் இருக்கிறது.