வேடத்திடம் சொன்ன உண்மை

எஃப். டபிள்யூ. முர்னாவ் என்றதும் சினிமா பார்க்கிற பலருக்கு 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு'தான் ஞாபகத்துக்கு வரும். அதற்கு முந்தைய வருஷம் அவர் எடுத்த 'ஷ்லோஸ் ஃபோகெலோட்' என்ற மௌனப்படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஆங்கிலத்தில் 'பேய் மாளிகை' என்று பொருள்படும் தலைப்பில் அது டிவிடியாகக் கிடைக்கிறது. தலைப்பை நம்பிப் பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். படத்தில் பேயே கிடையாது. பயந்தாங்கொள்ளி விருந்தாளி ஒருவரின் கனவில் ஜன்னல் வழியாக ஒரு ரோமக் கை நீண்டு வருகிறது, அவ்வளவுதான். மற்றபடி இது ஒரு குற்றத்தையும் ஒரு வாக்குமூலத்தையும் பற்றிய படம்.

முடிச்சை அவிழ்க்காமல் இதைப் பற்றி எழுத வழியில்லை. நூறு வருஷம் தாண்டிய படம், வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பிரபுவின் மாளிகையில் வேட்டைக்காக விருந்தாளிகள் கூடியிருக்கிறார்கள். மழை விடாமல் பெய்வதால் வேட்டை நடக்கவில்லை. அழைக்காத விருந்தாளியாக ஓட்ஷ் பிரபு வந்து சேர்கிறார். சில வருஷங்களுக்கு முன் சொந்தத் தம்பியைச் சுட்டுக் கொன்றவர் என்று ஊர் அவரைப் பேசுகிறது. இறந்த தம்பியின் மனைவி மறுமணம் செய்துகொண்டு, புதுக் கணவர் சாஃபர்ஷ்டெட்டுடன் அதே விருந்துக்கு வருகிறாள். ரோமிலிருந்து ஃபாரமுண்ட் என்ற பாதிரியாரும் வருகிறார். அவரிடம் மட்டும் அவள் மனதைத் திறக்கிறாள். முதல் கணவர் திடீரென்று பக்தியில் மூழ்கி உலக ஆசைகளைத் துறந்துவிட்டார். அந்தப் புனிதத்தின் நடுவில் மூச்சுமுட்டிப்போன அவள், ஏதாவது ஒரு தீமை நடக்க வேண்டும் போலிருக்கிறது என்று சாஃபர்ஷ்டெட்டிடம் ஒருநாள் சொல்லிவிடுகிறாள். அவன் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டு கணவரைக் கொன்றுவிடுகிறான். அதன்பின் இருவரும் ஒரு பெரிய அறையில் தள்ளித் தள்ளி நிற்கும் காட்சி ஒன்று உண்டு. அவர்களுடைய கல்யாண வாழ்க்கை முழுக்க அந்த ஒரே காட்சியில் இருக்கிறது.

பிறகுதான் தெரிகிறது, அவள் பேசியது பாதிரியாரிடம் அல்ல. தாடியும் அங்கியுமாக உட்கார்ந்திருந்தது ஓட்ஷ் பிரபுவேதான். உண்மை வெளிவருகிறது, சாஃபர்ஷ்டெட் தன்னையே சுட்டுக்கொள்கிறான், ஓட்ஷின் பெயர் சுத்தமாகிறது. நிஜமான ஃபாரமுண்ட் கடைசியில்தான் வந்து சேர்கிறார்.

சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இந்தப் படம் ஓடியபோது ஆச்சியும் கூட உட்கார்ந்திருந்தாள். பேச்சில்லாத படம் என்பது அவளுக்கு ஒரு குறையாகவே படவில்லை. இடையில் வரும் எழுத்துகளை மட்டும் நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். வேஷம் கலைந்த இடத்தில் நான் சந்தோஷப்பட்டேன். ஒரு நிரபராதி தப்பித்தானே என்றேன். ஆச்சி சந்தோஷப்படவில்லை. "அவன் கேட்டது தப்பில்லய்யா. அந்தத் துணிய உடுத்திக்கிட்டுக் கேட்டாம்லா, அதுதான் தப்பு" என்றாள். "பெறவு எப்படி ஆச்சி நெசம் வெளிய வரும்?" என்று கேட்டேன். "வராட்டா வராமப் போகட்டுமே" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விட்டாள்.

'வராமப் போகட்டுமே' என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. செய்யாத கொலைக்காக ஊர் வாயில் விழுந்து கிடக்கிறவனுக்கு அந்த வார்த்தை எவ்வளவு கொடுமையானது! ஆனால் அவள் சொன்னதன் முதல் பாதியைத் தள்ளவும் முடியவில்லை.

வேடம் என்பது நம்முடைய கதைகளில் சாதாரண விஷயமில்லை. தமிழகத்தில் நடராஜ முதலியார் எடுத்த முதல் மௌனப்படமான 'கீசகவதம்' கூட வேடக் கதைதான். சைரந்திரியாக வாழும் திரௌபதியை நாடி வரும் கீசகனை, அவளிடத்தில் இருட்டில் காத்திருக்கும் பீமன் கொல்கிறான். அந்தப் படச்சுருள் இன்று இல்லை. நாகர்கோவில் சுந்தரராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' (1933) போல ஒன்றிரண்டு தப்பிப் பிழைத்து புனே ஆவணக் காப்பகத்தில் இருப்பதோடு சரி. நம்முடைய மௌனப்பட வேடங்களைப் பார்க்க முடியாமல் ஜெர்மன்காரர்களின் வேடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பீமன் வேடம் நம்மை உறுத்துவதில்லை. கீசகன் நம்பி வந்தது தன் காமத்தை. வேறொரு கதை அப்படியல்ல. பெரிய புராணத்தில் வரும் மெய்ப்பொருள் நாயனார் திருக்கோவலூரில் இருந்து ஆண்டவர். போரில் அவரை வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி, ஏட்டுக் கட்டுக்குள் ஆயுதத்தை ஒளித்துக்கொண்டு அடியார் வேடத்தில் வருகிறான். உபதேசம் கேட்க மன்னர் கீழே அமர்கிறார். அவன் குத்திவிடுகிறான். காவலன் தத்தன் வாளோடு பாய்ந்தபோது, இவர் நம்மவர் என்று தடுத்து, ஊர் எல்லைவரை பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொல்கிறார் நாயனார். அந்தச் செய்தி வந்த பிறகே உயிரை விடுகிறார்.

சின்ன வயதில் இந்தக் கதை எனக்கு முட்டாள்தனமாகத் தெரிந்தது. இப்போது வேறு மாதிரி படுகிறது. நாயனார் காப்பாற்றியது முத்தநாதனை அல்ல. நாளைக்கு ஒரு நிஜ அடியார் அதே வேடத்தில் வாசலில் நின்றால், ஜனங்கள் அவர் ஏட்டுக் கட்டைச் சோதிக்காமல் உள்ளே அழைக்க வேண்டும். அந்த நம்பிக்கையைத்தான் அவர் காப்பாற்றினார். போலி வேடம் ஒரு ஆளை ஏமாற்றுவதோடு நிற்பதில்லை. அடுத்து வரும் நிஜத்தின் மேலும் சந்தேகத்தைப் பூசிவிட்டுப் போகிறது. படத்தில் நிஜ ஃபாரமுண்ட் வந்து இறங்கும்போது நான் நினைத்துக்கொண்டது இதுதான். இனி அந்த வீட்டில் யார் அவரிடம் மனதைத் திறப்பார்கள்?

எதிர்ப்பக்க நியாயமும் பலமானது. கத்தோலிக்க மரபில் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக் கூடாது. நிஜ ஃபாரமுண்ட் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவளுக்கு ஆறுதல் கிடைத்திருக்கும், ஓட்ஷ் கொலைகாரனாகவே செத்திருப்பார். உண்மையான குருவிடம் போனால் உண்மை புதைகிறது, பொய்க் குருவிடம் போனால் வெளியே வருகிறது.

சட்டம் இந்த இடத்தில் அதிகம் தயங்குவதில்லை. 1872ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டம், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை 25ஆம் பிரிவில் ஒதுக்கித் தள்ளியது. மிரட்டியோ ஆசைகாட்டியோ வாங்கியதை 24ஆம் பிரிவில் தள்ளியது. ஆனால் 29ஆம் பிரிவு, மற்றபடி ஏற்கத்தக்க ஒப்புதலை, ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுத்து வாங்கினார்கள் என்பதற்காகவோ, ஏமாற்றி வாங்கினார்கள் என்பதற்காகவோ மட்டும் தள்ள வேண்டியதில்லை என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியமும் அதைத் தொடர்கிறது. காரணம் புரிகிறது. அடிக்குப் பயந்தவன் செய்யாததையும் செய்தேன் என்பான். நம்பி ஏமாந்தவன் பெரும்பாலும் உள்ளதைத்தான் சொல்வான். சட்டத்தின் கவலை, சொன்னது உண்மையா என்பது. சொன்னவளுக்கு என்ன ஆனது என்பது அதன் கணக்கில் இல்லை.

அவள் அந்த நாற்காலியின் முன்னால் இரண்டு பொருள்களைக் கொண்டுவந்தாள். ஒன்று, நடந்தது என்ன என்ற தகவல். இன்னொன்று, அதற்கான அவளுடைய வருத்தம். முதலாவது ஓட்ஷுக்குச் சேர வேண்டியது. இத்தனை வருஷம் அவள் தராமல் வைத்திருந்த கடன் அது. கடன் கொடுத்தவன் ஏமாற்றி வாங்கினான் என்பதற்காக அது அவனுடையது இல்லை என்று ஆகாது. இரண்டாவது அவனுடையதே அல்ல. கடவுளுக்கு என்று அவள் எடுத்துவைத்ததை, கடனோடு சேர்த்து அவன் எடுத்துக்கொண்டான். இதை எழுதும்போது, அவன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் கேட்டுப் பார்க்கிறேன். அங்கியை உடுத்தியிருப்பேன் என்றே தோன்றுகிறது. அதனால் அது சரியாகிவிடாது. செய்யாமல் இருக்க முடியாத ஒன்றும் தப்பாக இருக்கலாம். அதை ஜெயித்த சந்தோஷத்தோடு செய்யாமல், ஒரு சுமையாகச் செய்ய வேண்டியிருக்கும். படத்தில் ஓட்ஷின் முகத்தில் அந்தச் சுமை எனக்குத் தென்படவில்லை.

எங்கள் ஊரிலிருந்து ஆற்றோடு மேற்கே போனால் வரும் அம்பாசமுத்திரத்தில் 'எரிச்சாவுடையார்' என்று மக்கள் சொல்லும் காசிநாதர் கோவில் இருக்கிறது. கன்னடியன் கால்வாய்க் கதையோடு சேர்ந்தது அது. கன்னட தேசத்துப் பிரம்மச்சாரி ஒருவன் பொன்னைக் கோவில் குருக்களிடம் கொடுத்துவைத்தான். குருக்கள் அதை மாற்றிவிட்டு, சந்நிதியில் சத்தியம் செய்யத் துணிந்தார். அதற்கு முன்னால் லிங்கத்தில் இருந்த சக்தியை ஒரு புளியமரத்துக்கு மாற்றிவைத்துவிட்டார். வெறும் கல்லின் முன்னால் பொய்ச் சத்தியம் பண்ணினால் தோஷமில்லை என்பது அவர் கணக்கு. ஆனால் பிரம்மச்சாரி அந்தப் புளியமரத்தைக் கட்டிப்பிடித்துச் சத்தியம் செய்யச் சொன்னான். குருக்கள் எரிந்துபோனார் என்கிறது கதை.

குருக்கள் செய்தது சாமியை எடுத்துவிட்டுச் சந்நிதியை மட்டும் வைத்திருப்பது. ஓட்ஷ் செய்ததும் அதுதான், உண்மைக்காகச் செய்தார் என்பது மட்டும் வித்தியாசம். பிரம்மச்சாரி செய்தது நேரெதிரானது. சாமி எங்கே இருக்கிறதோ அங்கே ஆளைக் கொண்டுபோய் நிறுத்தினான். ஆச்சியின் 'வராட்டா வராமப் போகட்டுமே' என்பதற்கு என் பதில் அங்கே இருக்கிறது. ஓட்ஷ் தன் சொந்த முகத்தோடு அவள் முன்னால் போய் நின்று, நீ பேசாமல் இருப்பதால் நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் பேசாமலே போயிருக்கவும் கூடும். பேசியிருந்தால் அந்த உண்மை அவள் கொடுத்ததாக இருந்திருக்கும்.

ஒலியில்லாத படம் என்பதால் அவள் வாக்குமூலத்தை எழுத்தட்டைகளில் நாமே வாசிக்கிறோம். அங்கிக்குள் இருப்பவருக்கு மட்டும் என்று சொன்னதை, நாமும் அவர் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து தெரிந்துகொள்கிறோம். 'எங்கிட்ட சொல்லு, யார்ட்டயும் சொல்ல மாட்டேன்' என்று அன்றாடம் எத்தனை பேரிடம் சொல்கிறோம். அதைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்த அங்கி நம் தோளில் ஏறிக்கொள்கிறது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது எதிரே இருப்பவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.